பூனையின் குரலும் வேட்டைக்காரரின் காதும்

சாளரக் கண்ணாடிக்கு இப்பால் ஒரு வீட்டுப் பூனை அமர்ந்திருக்கிறது. அப்பால் முருங்கைக் கிளையில் ஒரு சிட்டு. பூனையின் உடல் முன்னோக்கித் தாழ்கிறது, வால் நுனி மட்டும் அசைகிறது, விழி இமைப்பதில்லை. அப்போது அதனிடமிருந்து எவரும் எதிர்பாராத ஓர் ஓசை பிறக்கிறது. கீழ்த்தாடை துடிக்க, பற்கள் தட்டுப்பட, 'க்-க்-க்-க்' என்று வெட்டுப்பட்டு வரும் ஒலி அது. சில பூனைகள் அதனிடையே குருவிக் கீச்சை ஒத்த மெல்லிய குரலும் எழுப்பும். அது மியாவ் அன்று, சீற்றம் அன்று, உறுமலும் அன்று.

இவ்வொலிக்கு வழங்கப்பெறும் விளக்கங்கள் பெரும்பாலும் மூன்றே. எட்டாத இரையைக் கண்ட ஆற்றாமை என்பது ஒன்று. இரையின் பிடரியைக் கவ்விக் கொல்லும் கடி, இரை இல்லாமலேயே தாடையில் நிகழ்ந்துவிடுகிறது என்பது மற்றொன்று. பறவையின் குரலைப் போலியாக எழுப்பி அதனை அருகே வரவழைக்கும் சூழ்ச்சி என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் மக்கள் விரும்பிப் பரப்புவது மூன்றாவதையே. பூனை ஏமாற்றுகிறது என்றால் நம்புவதற்கு எவருக்கும் சான்று தேவைப்படுவதில்லை. இந்தியாவில் அந்த நம்பிக்கைக்கு மிக நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவே புலியும் வந்து அகப்பட்டுக்கொண்டது.

மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம், அறத்தைக் கொடியாகத் தூக்கிக் காட்டி உள்ளே பேராசை கொண்டு திரிபவனைப் 'பூனை நோன்பு' பூண்டவன் என்று பழிக்கிறது. அடுத்தபடியாக அது பழிப்பது 'கொக்கு நோன்பு' பூண்டவனை. இவ்விரு உயிர்களையும் இணைத்தது தற்செயல் அன்று. இரண்டும் பதுங்கியிருந்து பிடிப்பவை. ஓடித் துரத்தி ஆற்றலைச் செலவிடாமல், அசைவற்றுக் காத்திருந்து ஒரே பாய்ச்சலில் காரியம் முடிப்பவை. உயிரியலார் சிக்கனமான வேட்டைமுறை என்பதைத் தரும நூலார் பாசாங்கு என்றனர். கண்டது ஒன்றே, சூட்டிய பெயர்தான் வேறு.

மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் வழங்கும் கதையொன்றில், கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையை நம்பி எலிகள் தம்மை அதன் காவலில் ஒப்படைக்கின்றன. எலிகளின் எண்ணிக்கை குறையக் குறையப் பூனையின் உடல் பெருக்கிறது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, பெரும் பாறைப் புடைப்புச் சிற்பத்தில், யானைகளின் காலருகே, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் ஒரு பூனையையும் அதைச் சுற்றி எலிகளையும் செதுக்கி வைத்தான். தவமிருக்கும் மானிடனுக்கு நேர்த்தியான கேலி அது. 'ருத்திராட்சப் பூனை' என்ற தமிழ் வழக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆயினும் இவற்றுள் ஒரு கதை மட்டும் ஒலி பற்றியது. பஞ்சதந்திரத்தில் முயலும் கவுதாரியும் தம் வழக்கைத் தீர்த்துக்கொள்ளத் ததிகர்ணன் என்னும் பூனையிடம் செல்கின்றன. அது மறுபிறவி பற்றியும் கொல்லாமை பற்றியும் இனிய குரலில் பேசுகிறது. பின்னர், முதுமையால் காது மந்தமாகிவிட்டது, அருகே வந்து சொல்லுங்கள் என்கிறது. வந்தவுடன் ஒன்றைப் பல்லாலும் மற்றொன்றை நகத்தாலும் பற்றி முடிக்கிறது. குரலால் இரையை அருகழைக்கும் பூனை என்ற கருத்து, இணையக் காணொளிகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, இங்கே முழு வடிவம் பெற்றுவிட்டது.

இக்கருத்து புலிக்கு மாற்றப்பட்ட களம் நடு இந்தியக் காடு. ஆனால் மாற்றியவர்கள் பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே துப்பாக்கியோடு திரிந்த ஆங்கிலேய அதிகாரிகள். அவர்களுடைய நினைவுக் குறிப்புகளில் ஒரு புதிர் திரும்பத் திரும்ப எழுகிறது. புலிக்கு உறுமல், முழக்கம், முனகல் முதலிய குரல்களோடு, அதன் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத குறுகிய, தெளிவான, கூர்மையான ஓர் ஒலியும் உண்டு. அதனை அவர்கள் 'பூக்' என்று எழுதினர். அது ஏறக்குறைய கடமானின் எச்சரிக்கைக் குரலைப் போலவே கேட்கும்.

கடமானின் அக்குரலைக் கேட்டறிந்தவர்கள் இவ்வொப்புமையின் வியப்பை உணர்வார்கள். ஆபத்தை மோப்பம் பிடித்த கடமான் வாலை நிமிர்த்தி, முன்காலைத் தரையில் அறைந்து, 'டாங்க்' என்று ஒலியெழுப்பும். இரவில் பள்ளத்தாக்கின் மறுகரை வரை அது செல்லும். புள்ளிமானும் மந்தியும் சிறுத்தைக்கும் குரலெழுப்பும், சில வேளை நாய்க்கும் பதறும். கடமான் எளிதில் குரல் கொடுப்பதில்லை. கொடுத்தால், விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அங்கே புலி இருக்கும். ஆகவே காட்டில் நடப்பவர்க்கு மிகவும் நம்பத்தகுந்த சான்று கடமானின் குரல். அந்தச் சான்றே புலியின் வாயிலிருந்தும் வருகிறது என்றால், கேட்பவர் நிலைகுலைவது இயல்பு.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். அக்காலத்தில் ஒலியைச் சேமித்து வைக்க வழியில்லை. பறவையின் குரல் முதன்முதலில் பதிவானது 1889-இல். ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன் தன் வீட்டில் வளர்த்த ஷாமாக் குருவியின் குரலை எடிசன் கருவியின் மெழுகு உருளையில் பிடித்தான். ஷாமா இந்தியக் காடுகளுக்கும் உரிய பறவை என்பது ஒரு சுவையான ஒற்றுமை. ஆனால் அத்தகைய கருவி புலிக் காட்டுக்கு வரப் பல தலைமுறைகள் ஆயின. எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களில் கம்பியில் கால்பட்டால் இயங்கும் ஒளிப்படக் கருவியைக் காட்டில் வைத்துப் புலியைத் துப்பாக்கியின்றிப் 'பிடித்து', 1927-இல் நூலும் வெளியிட்டார். அவருடைய புலிகள் அனைத்தும் ஊமைப் புலிகள். குரல் மட்டும் எழுத்துக் கூட்டலாகவே எஞ்சியது. 'பூக்' என்றும் 'டாங்க்' என்றும் ஆங்கில எழுத்தில் கூட்டி எழுதப்பட்ட இரண்டு ஒலிகள் எவ்வளவு ஒத்தவை என்பதை, அவற்றைக் கேட்ட காதையன்றி வேறெதனாலும் அளக்க முடியாது.

அந்தக் காதும் பெரும்பாலும் தனித்த காது அன்று. பரணில் அமர்ந்திருந்த துரையின் அருகில் கோண்டு இனத்தவரோ பைகா இனத்தவரோ ஆன ஒரு வழிகாட்டி இருந்தார். எந்த ஒலி மானுடையது, எது புலியினுடையது என்று இருளில் முணுமுணுத்தவர் அவரே. நூலில் இடம்பெறும்போது அவர் பெரும்பாலும் 'என் சிக்காரி' என்று ஆகிவிடுகிறார். அவர் சொன்னது 'உள்ளூரார் நம்பிக்கை' ஆகிவிடுகிறது. அவர் சொன்னது பிழையாகவும் இருந்திருக்கலாம். எனினும், சொன்னவர் யார், எத்தனை முறை கேட்டார், எந்தப் பருவத்தில் கேட்டார் என்பவை பதிவாகியிருப்பின் இன்று அவற்றை எடைபோட ஒரு வழியாவது இருந்திருக்கும். நெருங்கிய நண்பரின் வேட்டை நாய்க்குப் பெயர் தந்த நூல்கள் இவர்களுக்கு அதைத் தர மறந்தன.

1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ், காட்டதிகாரிகளும் படை அலுவலர்களும் இத்தகைய அனுபவங்களைக் கடிதமாக எழுதி வாதிடும் மன்றமாக விளங்கியது. 'பூக்' ஒலிக்கு விளக்கம் தேடியவர்கள் போலிக்குரல் என்ற கொள்கையை இருவகையாகக் கூறினர். புலி மான்போல் கூவி மானைத் தன்னிடம் வரவழைக்கிறது என்பது முதல்வகை. புலி கூவினால் அருகிலுள்ள கடமான் மறுகுரல் கொடுக்கும், அதனால் அது நிற்குமிடம் புலிக்குத் தெரிந்துவிடும் என்பது இரண்டாம் வகை. இரண்டாவது சற்று நுட்பமானது. இரண்டுமே புலியை ஒரு சூழ்ச்சியாளனாகக் காண்பவை.

முதல் வகையின் இடர்ப்பாடு வெளிப்படையானது. கடமானின் அக்குரல் 'வா' என்னும் குரல் அன்று. 'ஆபத்து' என்னும் குரல். தீ என்று கத்திக் கூட்டத்தை வீட்டுக்குள் அழைக்க முயல்வது எவ்வளவு அறிவுடைமையோ, அவ்வளவே எச்சரிக்கைக் குரலால் மானை அழைப்பதும். பதுங்கிப் பிடிக்கும் விலங்குக்கு இரையின் அசட்டையே முதல். செவியை நிமிர்த்தி நிற்கும் மானைப் புலி பெரும்பாலும் கைவிட்டு நடந்துவிடும். காணப்பட்டுவிட்ட புலி தோற்றுவிட்ட புலி. தன் இரையைத் தானே விழிப்பூட்டும் தந்திரத்தால் அதற்கு என்ன பயன்? இரண்டாம் வகைக்கும் இதே தடை உண்டு. மானின் இருப்பிடம் அறிந்த அதே நொடியில் மானும் உஷாராகிவிடுகிறதே.

இத்தனை எளிய தடைகள் கண்முன் இருந்தும் இக்கொள்கை ஏன் நிலைத்தது என்பதே வரலாற்றுக்குரிய வினா. வேட்டையாடியின் தொழிலே அவருடைய பார்வையை ஒரு பக்கம் வளைத்தது என்று கொள்ள இடமுண்டு. பரணில் இருப்பவர் புலியைக் காண்பது பெரும்பாலும் ஒரே ஒரு முறை, கண்டவுடன் சுடுகிறார். அந்தப் புலி அந்த ஒலியை அதற்கு முன் எத்தனை முறை எழுப்பியது, எழுப்பியபின் எங்கே சென்றது, யாரைச் சந்தித்தது என்பதெல்லாம் துப்பாக்கி வெடித்தவுடன் முடிந்துவிடும் வினாக்கள். மேலும், கெட்டிக்காரப் பகைவனைக் கொன்றவனுக்குத்தான் பெருமை. மந்தமான விலங்கைப் பரணில் இருந்து சுட்டேன் என்று எவரும் நூல் எழுதுவதில்லை.

இந்நூல்கள் எழுதப்பட்ட காலத்தின் கணக்கையும் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். வனவிலங்கு வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன், அரசுப் பரிசுப் பதிவேடுகளை ஆராய்ந்து, 1875 முதல் 1925 வரையான ஐம்பது ஆண்டுகளில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டன என்று கணக்கிட்டார். சிறுத்தைகள் 1,50,000-க்கு மேல், ஓநாய்கள் 2,00,000. தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஒழிக்கவேண்டிய 'கொடிய விலங்கு' என்பதே ஆட்சியின் ஏட்டில் புலியின் தகுதி. 'பூக்' ஒலியால் எந்தப் புலிக்கும் பரிசுத்தொகை கூடவில்லை. ஆனால் புலியின் ஒவ்வோர் இயல்பையும் வஞ்சகம் என்ற சொல்லால் விளக்குவது இயற்கையாகத் தோன்றிய சூழல் அது.

குரலால் ஏமாற்றிக் கொல்லும் கலையில் அக்காட்டில் உண்மையாகவே தேர்ந்திருந்தவன் மனிதன். எருமைக் கன்றையும் ஆட்டையும் கட்டி அவற்றின் கதறலைப் புலிக்கு அழைப்பாக்கினான். இலையை இதழ்களிடையே வைத்து ஊதி, கேளையாட்டுக் குட்டியின் குரலெழுப்பித் தாயை வரவழைத்தான். பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்து காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் வீழ்த்தினான். இது தமிழ்நிலத்துக்கும் புதிதன்று. பழக்கிய மானைக் கட்டிவைத்துப் பிற மானைப் பிடிக்கும் வழக்கத்தைப் புறநானூறும் பெரும்பாணாற்றுப்படையும் அறியும். அவ்வாறு கட்டிவைக்கும் விலங்குக்குச் சங்கத் தமிழில் 'பார்வை' என்றே பெயர். பார்ப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் அம்மொழி ஒரே சொல்லை வைத்திருந்தது.

இதன் உச்சம் ஜிம் கார்பெட்டின் தாக் புலி. குமாயூனில் சாரதா ஆற்றை ஒட்டிய தாக் சிற்றூரை வெறிச்சோட வைத்த ஆட்கொல்லிப் பெண்புலியை அவர் 1938-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தேடித் திரிந்தார். பரண்களும் இரைகளும் பலிக்கவில்லை. அந்தப் புலி இணை தேடி முழங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் 30-ஆம் நாள் மாலை, ஒளி மங்கும் வேளையில், கார்பெட் ஒரு பாறையை அடுத்து நின்று ஆண்புலியின் குரலை எழுப்பினார். பெண்புலி மறுகுரல் கொடுத்தது. அவர் மீண்டும் கூவினார், அது நெருங்கியது. சில அடித் தொலைவில் அதன் தலை தெரிந்தபோது சுட்டார். 1944-இல் வெளிவந்த 'குமாயூனின் ஆட்கொல்லிகள்' இவ்வேட்டையையும் விவரிக்கிறது. புலியைக் கொடியது என்று சொல்ல மறுத்த அரிய வேட்டைக்காரர் அவர். அந்த ஊராருக்கு அன்று அவர் செய்தது பேருதவி. ஆயினும், இணையின் குரலில் இரையை அழைத்து வீழ்த்தியதற்கு இந்தியக் காட்டிலிருந்து ஐயத்துக்கு இடமின்றிக் காட்டக்கூடிய சான்று இதுவே. அதில் போலிக்குரல் எழுப்பியது புலி அன்று.

'பூக்' பற்றிய பேச்சு வேறு திசை திரும்பியது, காட்டுக்குள் துப்பாக்கியின்றி ஒருவர் நெடுநாள் தங்கியபோது. ஜார்ஜ் ஷாலர் 1963-இன் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவுக்கு வந்தார். மண்ட்லா மாவட்டத்துச் சால மரக்காடுகளும் புல்வெளிகளும் சூழ்ந்த அவ்விடம் 1955-இல் தேசியப் பூங்காவாகியிருந்தது. அங்கே குடும்பத்துடன் தங்கி 1965 வரை மான்களையும் புலிகளையும் கவனித்தார். 1967-இல் 'மானும் புலியும்' என்ற அவருடைய நூலை சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவரும் எருமை கட்டியதுண்டு. வேறுபாடு, எருமையைக் கொன்ற புலியை அவர் விடியும்வரை விழித்திருந்து பார்த்தார். மறுநாள் இரவும் அதே புலியைப் பார்த்தார். முகத்துக் கோடுகளைக் கொண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்தார். ஒரே உயிரைப் பலமுறை காணுதல் என்ற அந்த எளிய மாற்றம் பல கதைகளைக் கலைத்தது.

தனிமை விரும்பி என்று கருதப்பட்ட புலி, பகை மட்டுமே அறிந்த விலங்கு அன்று என்று அவர் காட்டினார். தாயும் குட்டிகளும் உண்ணுமிடத்துக்கு ஓர் ஆண்புலி வரும். ஒரே இரையைச் சில வேளை பலவும் பகிர்ந்துகொள்ளும். தனித்தனியே திரிந்தாலும் ஒன்றையொன்று அறிந்தவை அவை. இந்தச் சூழலில் வைத்தால் 'பூக்' வேறு பொருள் பெறுகிறது. கூரிய நகமும் பல்லும் கொண்ட இரண்டு விலங்குகள் இருளில் ஒரே இரையருகே எதிர்பாராமல் மோதிக்கொள்வது இரண்டுக்கும் கேடு. 'இங்கே இருக்கிறேன்' என்று முன்கூட்டியே அறிவிக்கும் சிறு ஒலிக்கு அங்கே தேவை இருக்கிறது. ஷாலர் அதனைப் புலியின் குரல்களுள் ஒன்றாகவே பட்டியலிட்டார். இரையை இழுக்கும் தூண்டிலாக ஏற்கவில்லை. கடமானின் குரலோடு அது ஒத்திருப்பது உண்மை. இரண்டுமே இருளில் தெளிவாகத் தொலைவுக்குச் செல்லவேண்டிய குறுகிய ஒலிகள்; ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள் ஒத்த வடிவம் பெறுவது புதுமையன்று. ஒத்திருப்பது எல்லாம் போலி செய்வது ஆகாது.

ஏறக்குறைய இதே காலத்தில் ஜெர்மனியில் வீட்டுப் பூனையின் ஒலிக்கு வேறோர் அடித்தளம் இடப்பட்டது. பவுல் லைஹவுசன் 1956-இல் பூனைகளின் நடத்தை குறித்து வெளியிட்ட ஆய்வு, பின்னர் விரிந்து 1979-இல் ஆங்கிலத்தில் பெருநூலாக வந்தது. அவருடைய முதன்மையான கண்டுபிடிப்பு, பதுங்குதல், பாய்தல், கொல்லுதல், உண்ணுதல் ஆகியவை பசி என்ற ஒரே கயிற்றில் கோத்த மணிகள் அல்ல என்பது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உந்துதல் உண்டு. வயிறு நிறைந்த பூனையும் பதுங்கும். உண்ண விருப்பமில்லாத பூனையும் கொல்லும். ஆகவே பாய வழியில்லாத பூனைக்குள்ளும் கொல்லும் உந்துதல் தனியே கிளர்ந்தெழ முடியும்.

கொன்ராட் லோரன்ஸ் வளர்த்த மைனாக் குடும்பப் பறவையொன்று, அறையில் ஈயே இல்லாதபோதும் ஈயைக் கண்டு பறந்து பிடித்து அடித்து விழுங்குவதுபோன்ற முழுச் செயலையும் செய்தது. வெளித்தூண்டல் இன்றி உள்ளுந்துதலே பெருகி வழியும் இத்தகைய நிகழ்ச்சியை அவர் வெற்றுச் செயல் என்றார். லைஹவுசன் லோரன்ஸின் பள்ளியைச் சேர்ந்தவர். பூனையின் கோரைப்பல் எலியின் கழுத்தெலும்புகளின் இடைவெளியைத் தேடி நுழைந்து தண்டுவடத்தைத் துண்டிக்கிறது. அதற்குத் தாடை விரைந்து துடித்து இடம் தேடவேண்டும். சாளரப் பூனையின் தாடைத் துடிப்பு அந்தக் கொல்லும் கடியே என்னும் விளக்கத்தை 1986-இல் டெஸ்மண்ட் மாரிஸ் தம் பூனை நூல் வழியாக உலகெங்கும் பரப்பினார். இதில் வஞ்சகத்துக்கு இடமில்லை. பூனை எவரையும் அழைக்கவில்லை. அதன் உடல் தானாக ஒரு வேலையைத் தொடங்கிவிட்டது, அவ்வளவே.

லைஹவுசனுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1973 ஏப்ரல் 1-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களுள் கான்ஹாவும் ஒன்று. அத்திட்டத்தை மதிப்பிட வந்த குழுவில் அவர் இருந்தார். காலின் ஹாலவே, எம். கே. ரஞ்சித்சிங் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய அறிக்கை 1976-இல் வெளிவந்தது. ரஞ்சித்சிங் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியவர். அதற்கு முன்னர் மண்ட்லா மாவட்ட ஆட்சியர். தலைக்குப் பரிசு கொடுத்த அரசு, அரை நூற்றாண்டு இடைவெளியில், தலையைத் தொட்டால் சிறை என்றது. புலியின் குரல்களைப் பிரித்தறிந்த பைகா மக்களின் ஊர்கள் பலவும் கான்ஹாவின் உட்பகுதியிலிருந்து இக்காலத்திலேயே வெளியே மாற்றப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

போலிக்குரல் கொள்கை ஓய்ந்துவிட்டதோ என்றால், இல்லை. அமேசானிலிருந்து திரும்பி வந்தது. 2005-இல் பிரேசிலின் மனாவுஸ் நகரை அடுத்த டுக்கே காப்புக்காட்டில், இருநிறத் தமரின் குரங்குகள் எட்டு, ஓர் அத்தி மரத்தில் உண்டுகொண்டிருந்தன. மார்கே என்னும் சிறு காட்டுப் பூனை மறைவிலிருந்து தமரின் குட்டியின் குரலை ஒத்த ஒலியை எழுப்பியதை ஆய்வாளர் கேட்டனர். காவலிருந்த குரங்கு குழம்பி, மேலும் கீழும் இறங்கி ஏறிப் பார்த்தது. பூனை கொடிகளினூடே வெளிப்பட்டவுடன் அது கூச்சலிட, கூட்டம் முழுவதும் ஓடி மறைந்தது. 2010-இல் இச்செய்தி பரவியபோது உலகின் சாளரப் பூனைகள் எல்லாம் ஒரே நாளில் போலிக்குரல் வல்லுநர்கள் ஆயின. அமேசான் மக்கள் பெரும்பூனைகளைக் குறித்தும் இவ்வாறே சொல்லிவந்தனர் என்பதை அவ்வாய்வாளர்கள் மதித்துப் பதிவு செய்தது பாராட்டுக்குரியது. கான்ஹாவின் வழிகாட்டிகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆனால் அது ஒரே ஒரு நிகழ்ச்சி. அதிலும் பூனை பட்டினியோடு திரும்பியது. குட்டியின் குரல் பெரியவர்களை ஈர்க்கும் என்பதால், எச்சரிக்கைக் குரலை வைத்துக் கட்டிய புலிக் கதையைவிட இதற்கு ஏரணம் கூடுதல் என்பதையும் மறுக்க இயலாது.

வீட்டுப் பூனையைப் பொறுத்தவரை, ஒலிப்பதிவுக் கருவி இப்போது சாளரத்தருகே வந்துவிட்டது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஒலியியலாளர் சூசன் ஷோட்ஸ், 2013-இல் மூன்று வீட்டுப் பூனைகள் இரையை நோக்கி எழுப்பிய ஒலிகளைப் பதிந்து பகுத்தார். தாடைத் துடிப்போசையில் குரல்நாண் அதிர்வு இல்லை, கீச்சொலியில் உண்டு. ஒரே தருணத்தில் தோன்றினாலும் இவை இருவேறு பொருள்கள். முதலாவதற்குக் கொல்லும் கடி என்னும் விளக்கம் ஓரளவு பொருந்தும். கீச்சொலிக்கு அது பொருந்தாது. கடிக்கும் தாடை பாடவேண்டியதில்லை. இரை கொணரும் தாய்ப்பூனை குட்டிகளை அழைக்கும்போது சுண்டெலிக்கு ஒரு குரலும் பேரெலிக்கு வேறொரு குரலும் கொடுக்கும் என்பது லைஹவுசன் கண்டது. இரையைக் கண்டவுடன் வாய் திறக்கும் வழக்கம் பூனைக் குடும்பத்துக்குள்ளேயே பேசிக்கொள்வதற்காக உருவாகியிருக்கலாம் என்று கருதுவது, பறவையிடம் பேசுவதற்காக என்று கருதுவதைவிடச் சிக்கனமானது.

இந்திய வீடுகளில் இதனைச் சோதித்தறியச் சாளரமும் வேண்டியதில்லை. இரவில் சுவர் விளக்கின் ஓரத்தில் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லியைக் கண்டால் பல பூனைகள் கீழிருந்து அதே 'க்-க்-க்-க்' ஒலியை எழுப்பும். பல்லியும் 'ச்ச்-ச்ச்' என்று கொட்டுவதால், பூனை பல்லியைப் போலி செய்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். அதே பூனை அடுத்த நொடி கூரையில் ஊரும் ஈயைக் கண்டு அதே ஒலியை எழுப்புகிறது; சுவரில் ஓடும் விளக்கொளிப் புள்ளிக்கும் எழுப்புகிறது. ஒளிப்புள்ளிக்குக் குரல் ஏது? பல்லி மேலிருந்து ஒரு முறை பார்க்கிறது. நகர்ந்து விளக்கின் பின்புறம் மறைகிறது. பூனையின் தாடை மேலும் இரண்டொரு முறை துடித்து நின்றுவிடுகிறது.